இஸ்தான்புல்: எந்தத் தெருவில் எந்த ஊர்க்காரர்கள்?

ஜனவரி 11, 2024, வியாழன்

இவருக்குப் பகலெல்லாம் மாநாடு. எனக்கு ஊர் சுற்றுவதைத் தவிர வேறு வேலையில்லை. அறை எடுத்திருப்பது குர்துலுஷில். ஒரு காலத்தில் தாதாவ்லா என்ற பெயரில் கிரேக்கர்கள் வாழ்ந்த பேட்டை. 1929இல் பெரிய தீ விபத்து. அதற்குப் பிறகுதான் இந்தப் பெயர். கிரேக்கர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஆர்மீனியர்கள் கொஞ்சம் பேர் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் பண்டங்களும் இருக்கின்றன.

தெருமுனைக் கடையில் தொப்பிக் வாங்கினேன். கொண்டைக்கடலையை வேகவைத்து மசித்த மாவுக்குள் வதக்கிய வெங்காயம், எள் விழுது, உலர்திராட்சை, பட்டைப்பொடி. நோன்புக்காலப் பண்டம் என்பதால் கறி, பால், முட்டை எதுவும் கிடையாது. சைவக்காரரான இவருக்கு முதல் நாளே யோகம். எனக்கோ வெங்காயமும் தித்திப்பும் சேர்ந்தது முதலில் பிடிக்கவில்லை. எலுமிச்சை பிழிந்ததும் வழிக்கு வந்தது.

ஜனவரி 12, வெள்ளி

ஃபாத்திஹ் பகுதி. 4ஆம் நூற்றாண்டில் ரோமானியர்கள் கட்டிய வேலன்ஸ் நீர்ப்பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் இன்றும் பஸ் ஓடுகிறது. அதை ஒட்டி ஒரு சந்தை. பெயர் பெண்கள் சந்தை. நான் பார்த்த கடைகளில் கல்லாவில் உட்கார்ந்திருந்ததெல்லாம் ஆண்கள்.

தென்கிழக்கே இருக்கும் சீர்த் ஊர்க்காரர்களின் கடைகள் இங்கே வரிசையாக இருக்கின்றன. அவர்கள் செய்யும் புர்யானுக்காகத்தான் போனேன். தரையில் ஆழமாகக் குழி, அடியில் விறகுத் தணல், மேலே கொக்கியில் தொங்கும் ஆட்டுக்கறி. வாயை மூடி, காற்று புகாமல் அடைத்துவிடுவார்கள். தண்ணீர் சேர்ப்பதில்லை. தன் கொழுப்பிலேயே வேகிறது. கடைக்காரர் ஒரு துண்டை இறக்கி, கட்டையில் வைத்து வெட்டி, சூடான ரொட்டிமேல் பரப்பி உப்புத் தூவினார். அவ்வளவுதான். மிளகாய், மசாலா இல்லையே என்று ஏங்கியது முதல் வாய் வரைக்கும்தான். ஓரத்தில் முறுகியிருந்த கொழுப்பை ரொட்டியில் சுருட்டிச் சாப்பிட்ட பிறகு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த கடையில் வான் ஏரிப் பக்கத்துப் பாலாடைக்கட்டி. உள்ளே காட்டுப்பூண்டு இலைகள். பையைக் கட்டிய பிறகும் வாசனை அடங்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

இஸ்தான்புல் சாப்பாடு என்று தனியாக ஒன்றைத் தேடுவதை இன்றோடு விட்டுவிட்டேன். எந்தத் தெருவில் எந்த ஊர்க்காரர்கள் குடியேறினார்கள் என்று கேட்டால் போதும். மீதியை மூக்கு பார்த்துக்கொள்ளும்.

ஜனவரி 13, சனி

காலையில் பாலாத். வண்ண வீடுகள், படிக்கட்டுகள், எல்லாப் படியிலும் போட்டோ எடுப்பவர்கள். காபி சுமார்.

மாலை வெஃபாவில் போசா. 1876 முதல் நடக்கும் கடை. தொடங்கியவர் இன்றைய கொசோவோவிலுள்ள பிரிஸ்ரெனிலிருந்து வந்த அல்பேனியர். தினையைப் புளிக்கவைத்த கெட்டியான பானம், மேலே பட்டைப்பொடி. நம்ம ஊர்க் கூழில் சர்க்கரை போட்டால் எப்படி இருக்கும், அப்படி. எதிர்க்கடையில் வறுத்த கொண்டைக்கடலை வாங்கி வந்து மேலே தூவிக்கொள்கிறார்கள். குடிக்க முடியாது, கரண்டியால்தான் சாப்பிட வேண்டும். துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் 1937இல் குடித்த கண்ணாடித் தம்ளரைச் சுவரில் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இவர் இரண்டாவது தம்ளர் கேட்டார்.

ஜனவரி 14, ஞாயிறு

மழை. இரவு பசித்ததும் தெருமுனைத் தட்டுக்காரரிடம் போனேன். தட்டு நிறையக் கறுப்புச் சிப்பிகள், நடுவில் எலுமிச்சை. சிப்பிக்குள் மிளகும் உலர்திராட்சையும் சேர்த்த சோறு, அதன்மேல் சதை. அவர் திறந்து, எலுமிச்சை பிழிந்து கையில் கொடுக்கிறார். மேல் ஓட்டையே கரண்டியாக்கிச் சுரண்டி வாயில் போட வேண்டும். போதும் என்று சொல்கிறவரை அடுத்தது வந்துகொண்டே இருக்கும். கடைசியில் காலி ஓட்டை எண்ணிக் காசு. இதுவும் ஆர்மீனியர் சமையலிலிருந்து வந்தது என்கிறார்கள். விற்பவர்களில் பலர் மார்தின்காரர்கள். மார்தினில் கடலே கிடையாது!

ஜனவரி 15, திங்கள்

எமினோனுவில் படகேறி, ஆசியக் கரையில் கடிக்கோய். ஏறக்குறைய இருபது நிமிடப் பயணம், அதற்குள் ஒரு டீ. மீன் சந்தையில் கருங்கடல் ஹம்சி குவிந்து கிடக்கிறது. நெத்திலி ஜாதி, இதுதான் சீசன். மக்காச்சோள மாவில் புரட்டி, வாணலியில் வால்களெல்லாம் நடுவில் சேரும்படி வட்டமாக அடுக்கி, ஒரு பக்கம் வெந்ததும் தட்டைக் கவிழ்த்து மொத்தமாகத் திருப்பிப் போடுகிறார்கள். ஒரு மீன்கூடப் பிரியவில்லை. முள்ளோடு மென்றுவிடலாம். விலைப்பட்டியலில்தான் ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கர். பணவீக்கம் அந்த வேகத்தில் போகிறது.

இவருக்குப் பருப்பு சூப். கோபமில்லை, பழகிவிட்டது.

நாளை ஸெய்தின்புர்னு. சீனாவின் மேற்கிலிருந்து வந்த உய்குர் மக்கள் குடியேறிய பகுதி, கையாலேயே இழுத்துச் செய்யும் லக்மான் நூடுல்ஸ் கிடைக்கும். கறி போடாமல் தருவார்களா என்று இவர் இப்போதே கேட்கிறார். போய்த்தான் விசாரிக்க வேண்டும்.