தோஃபாரின் குந்திரிக்க மரங்களைத் தேடி

ஓமானின் தென்பகுதியான தோஃபாரிலுள்ள சலாலாவிலிருந்து வடக்கே மலையைக் கடந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் வாடி தவ்கா என்னும் வறண்ட ஓடைப்படுகை வருகிறது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த, இன்று 'குந்திரிக்க நிலம்' என்று அழைக்கப்படும் நான்கு இடங்களுள் இதுவும் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் பருவக்காற்று கடலை நோக்கிய மலைச்சரிவுகளை மூடுபனியாலும் தூறலாலும் பசுமையாக்கிவிடுகிறது. அந்த ஈரம் முகட்டைத் தாண்டி வருவதில்லை. மலைக்குப் பின்னாலுள்ள அந்த வறள்நிலத்து மரங்களே குந்திரிக்கம் என்னும் நறுமணப் பிசினில் உயர்ந்ததைத் தருகின்றன.

மரத்தில் எடுப்பான தோற்றம் எதுவும் இல்லை. அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்து, காகிதம்போல் உரியும் பட்டையோடு கற்களுக்கிடையே நிற்கிறது. வேனிற்காலத்தில் 'மன்கஃப்' என்னும் சிறு கருவியால் பட்டையை ஆங்காங்கே செதுக்குகிறார்கள். முதலில் கசியும் பால் தரம் குறைந்தது. சில வாரங்களுக்குப் பின் அதே இடத்தை மீண்டும் செதுக்கும்போதுதான் நல்ல பிசின் வரத் தொடங்குகிறது. அத்தகைய ஒரு காயத்தை நெருங்கிப் பார்த்தேன். கடுகளவு வெண்துளிகள் வரிசையாக அரும்பியிருந்தன. தொட்ட விரலில் பிசுபிசுப்போடு எலுமிச்சைத் தோலின் நெடியும் ஒட்டிக்கொண்டது. ஓய்வு கொடுக்காமல் செதுக்கினால் மரம் நலிந்துவிடும் என்பதால், இந்தத் தொழிலில் கைத்திறனைவிடப் பொறுமையே பெரிதென்று நான் கருதுகிறேன்.

சலாலாவுக்குக் கிழக்கே, கடற்கழி ஒன்றின் கரையில், இந்தப் பிசினை ஏற்றுமதி செய்த சும்ஹுரம் துறைமுகத்தின் இடிபாடுகள் உள்ளன. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் கூறும் மோஸ்கா துறைமுகம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பண்டைத் தமிழகத்தின் மேலைக் கரையிலிருந்தும் குஜராத்தின் பரூச்சிலிருந்தும் காலந்தாழ்ந்து திரும்பிய கப்பல்கள் குளிர்காலத்தை இங்கே கழித்து, துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் குந்திரிக்கம் பெற்றதாக அந்நூல் சொல்கிறது. இங்கு நடந்த அகழாய்வில் தமிழ்-பிராமி எழுத்தில் 'ணந்தை கீரன்' என்று பொறித்த பானை ஓடும் கிடைத்திருக்கிறது. அக்கப்பல்களில் நம்மவர் வந்ததற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

சலாலா சந்தையில் நிறத்தையும் தெளிவையும் பார்த்தே விலை சொல்கிறார்கள். இளம்பச்சைச் சாயலோடு ஒளி ஊடுருவும் 'ஹோஜரி' முதல் தரம். பழுப்பேறியதும் பட்டைத்துணுக்கு கலந்ததும் விலை குறைந்தவை. ஓமானியர் இதை மண் தூபக்காலில் இட்டு வீட்டுக்கும் உடைகளுக்கும் புகை காட்டுகின்றனர். சூயிங்கம் போல் மெல்லுகின்றனர். நல்ல தரத்தை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, வெளுத்த அந்நீரை வயிற்றுக்கு நல்லதென்று காலையில் அருந்துகின்றனர். தேவாலயத் தூபமாக மட்டுமே குந்திரிக்கத்தை அறிந்தவர்கள் ஹோஜரியில் சிறிதளவாவது வாங்கிப் பார்க்க வேண்டும். அதைக் கொழுந்துவிட்டெரியும் கரியில் போட்டால் கருகல் நெடிதான் மிஞ்சும். நீறு பூத்த தணலில் ஒரு சிறு துண்டை வைத்தால் அதன் முழு மணமும் கிடைக்கும்.