உட்கார வைத்துப் பார்த்த முகங்கள்

மரபான முறையில் உருவப்படம் கற்றால் முகம் கடைசியில்தான் வரும். எனக்கு முதலில் கிடைத்தது அச்சடித்த ஒரு பாதம். ஷார்ல் பார்க் என்ற பிரெஞ்சுக்காரர், ஓவியர் ஜெரோமுடன் சேர்ந்து 1860களின் பிற்பகுதியில் வெளியிடத் தொடங்கிய பயிற்சிப் படங்களில் ஒன்று. அதைக் கரியால் அச்சு அசலாகப் பிரதி எடுக்க வேண்டும். பொய் சொல்வானேன், சலிப்பான வேலைதான். கோணம் நூலளவு தப்பினாலும் ஆசிரியர் ஒன்றும் பேசாமல் அழிப்பானை நீட்டுவார்.

அப்புறம் பிளாஸ்டர் தலைகள். சிலைக்குப் பக்கத்திலேயே ஈசலை, அதாவது படம் வரையும் தாங்கியை, நிறுத்தி, சில அடி பின்னால் தரையில் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வோம். அங்கே நின்று மட்டும்தான் பார்க்கலாம். தூக்குக்குண்டு நூலைப் பிடித்து அளந்து, நடந்து போய் ஒரு கோடு போட்டு, மறுபடி பின்னால் வந்து ஒப்பிட வேண்டும். வரைந்த நேரத்தைவிட நடந்த நேரம் அதிகம். இந்த நடையில்தான் ஒன்று பிடிபட்டது. கண் என்றதும் மூளை தயாராக ஒரு பாதாம் வடிவத்தை எடுத்து நீட்டுகிறது. எதிரே இருப்பதோ புருவ எலும்பின் கீழே ஓர் இருட்டு, அதற்குள் சாய்வாக ஒரு வெளிச்சத் துண்டு, அவ்வளவுதான். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் அந்த இருட்டின் வடிவம் பளிச்சென்று தெரியும். அதைச் சரியாக வைத்துவிட்டால், இமை வரையாமலே ஆள் யாரென்று சொல்லிவிடலாம்.

வண்ணத்துக்கு வந்தபோது நான்கே நான்குதான் தந்தார்கள்: வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, ஐவரி கறுப்பு. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் பெயரால் அறியப்படும் பேலட், அதாவது வண்ணத் தொகுப்பு, இது. நீலமே இல்லையே என்று நினைத்தேன். கறுப்பில் வெள்ளையைக் கலந்து, சிவந்த கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது நீலமாகத்தான் தெரிகிறது. கண்ணின் வெள்ளை விழியும் உண்மையில் சாம்பல் நிறம். அங்கே சுத்த வெள்ளையை வைத்தால் ஆள் மிரண்டுபோனவர் போல ஆகிவிடுவார்.

எண்ணெய் வண்ணத்தில் பொறுமையும் ஒரு பாடம். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. அடியில் எண்ணெய் கூடுதலாக இருந்தால் மேலடுக்கு முதலில் இறுகி, பின்னால் வெடிப்பு விடும். ஆகவே கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம்.

சரி, இத்தனை பாடுபட்டு எதற்கு, போனில் ஒரு நொடியில் படம் எடுக்கலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் நெடுநாள் இருந்தது. அதைத் தீர்த்தது ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ். 1650இல் ரோமில் அவர் போப் பத்தாம் இன்னசென்ட்டை வரைந்தார். அதே வருடம், அதே ஊரில், தன்னிடம் அடிமையாக இருந்த ஹுவான் டி பரேஹாவையும் வரைந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பரேஹாவின் தலை நிமிர்வு போப்புக்கு ஒரு துளியும் குறைந்ததில்லை. அதை வரைந்த கைதான் அவரை அடிமையாகவும் வைத்திருந்தது என்பது உறுத்தத்தான் செய்கிறது. அதே வருடம்தான் விடுதலைப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அதிலிருந்து, தன்னை யாரும் வரைவார்கள் என்று நினைத்தே பார்க்காதவர்களைத் தேடி உட்கார வைக்கிறேன். வீட்டு வேலை செய்தே வயதான ஒரு அம்மா, “என்னையா? என் மூஞ்சியில என்ன இருக்கு?” என்றார். முதலில் எல்லோரும் போட்டோ முகம் வைத்துக்கொள்வார்கள், அவரும்தான். அரைமணி நேரம் போனால் அது தாங்காது. தோள் இறங்கும், உதட்டோரம் தளரும், பார்வை எங்கோ போகும். நான் வரையத் தொடங்குவதே அப்போதுதான். முடிந்ததும், “கொஞ்சம் சிரிக்க வெச்சிருக்கலாமே” என்றார். மாற்றவில்லை. சிரிப்பு கேட்பவருக்குச் சிரிப்பு வரைந்து கொடுப்பது என் கட்சி இல்லை.

புகைப்படத்தைப் பார்த்து வரைந்து தரச் சொன்னால் இப்போதெல்லாம் மறுத்துவிடுகிறேன். இறந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: அவரோடு வாழ்ந்த ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். “தாடை இவ்வளவு கூர்மை இல்லை”, “பேசும்போது இடது புருவம் தூக்குவார்” என்று அவர் சொல்லச் சொல்லத் திருத்துவேன்.