மேலே ஏத்தத்தான் கேட்டேன்: ஒரு போன் பிளானும் நாற்பது நாளும்

ஜூன் 3, செவ்வாய்

காலையில 11 மணிக்கு, எங்களுக்கு ஆர்டர் குடுக்கற கம்பெனியில அதைப் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் வீடியோ காலில் வந்தார். குழந்தைகள் டிசர்ட் சாம்பிள். கழுத்தைச் சுத்தி வர்ற பட்டை, அதான் ரிப், அதைப் பிடிச்ச இடத்துல எங்காவது தையல் விட்டிருக்கான்னு பார்க்கணும். பீஸை உள்பக்கம் திருப்பி, ரிப்பை ரெண்டு விரலால இழுத்துப் பிடிச்சு, போனை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனேன்.

"அக்கா, கட்டம் கட்டமாத் தெரியுதுங்க. ஒண்ணும் வெளங்கலைங்க."

மூணு தடவை கட் ஆச்சு. கடைசியில பீஸை வண்டியில குடுத்தனுப்பி, ஓகே வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிருச்சு. அதுவரைக்கும் எங்க பவர்டேபிள்ல, அதான் எங்க சின்னத் தையல் ஷெட்டுல, ஆறு மெஷினும் நின்னுபோச்சு. சனிக்கிழமை சம்பளம் போடணும். அந்த ஒரு நாள் எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

எங்க போன் பிளான் போஸ்ட்பெய்டு. மாசம் 75 ஜிபி டேட்டா, மூணு சிம்முக்கும் சேர்த்து. என்னுது, வீட்டுக்காரரோடது, பெருந்துறையில படிக்கற மகளோடது. பில் கணக்கு 14-ந் தேதி ஆரம்பிக்கும். இன்னும் பத்து நாள் கிடக்குது, டேட்டா தீர்ந்தாச்சு. ஷெட்டு வாடகை இடம், வைஃபைக்கு வயர் இழுக்க ஓனர் ஒத்துக்கலை. அதனால 150 ஜிபி பிளானுக்கு மாறிடலாம்னு முடிவு பண்ணினோம். மாசம் 250 ரூபாய் கூட, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. குடுக்கத் தயார். ஆப்பில அமுக்கினா, "உங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது." காரணம் எதுவும் போடலை.

ஜூன் 5, வியாழன்

திருப்பூர்ல எங்க ஏரியா பேரு 15 வேலம்பாளையம். அங்கிருந்து டவுனுக்குப் போய், போன் வாங்கின அதே ஷோரூம்ல முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன்.

"ஏனுங்கக்கா, நீங்க மார்ச்ல இந்தப் போனை 6,000 ரூபாய் தள்ளுபடியில எடுத்தீங்கல்ல? அதுக்கு 12 மாச கான்ட்ராக்ட்டுங்க. அடுத்த மார்ச் வரைக்கும் பிளானைத் தொட முடியாதுங்க."

"தம்பி, நான் கொறைக்கச் சொல்லலை. மேலே ஏத்தத்தான் கேக்கறேன்."

"எனக்கும் புரியுதுங்க. சிஸ்டம்ல ஆப்ஷனே வரலைங்க." கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். உண்மைதான். பிளான் மாத்தற பட்டன் வெளுத்துக் கிடந்தது. பையனைக் குத்தம் சொல்ல மனசு வரலை.

மார்ச்ல கையெழுத்துப் போட்டது வீடு வர்ற வரைக்கும் கண்ணுக்குள்ளயே நின்னுது. ஒரு டேப்ல, ஆள்காட்டி விரலால, கண்ணாடி மேல. என் பேரு கோணல்மாணலா விழுந்துச்சு. "இங்க மட்டும் போடுங்கக்கா"ன்னாங்க, போட்டேன். மேலே என்ன இருந்துச்சுன்னு அவங்களும் காட்டலை, நானும் கேக்கலை.

ஜூன் 6, வெள்ளி

198-க்கு ரெண்டு தடவை பேசினேன். அது புகாருக்குன்னே இருக்கற இலவச நம்பர். முதல்ல பேசின பொண்ணு, தள்ளுபடி 6,000-ஐத் திருப்பிக் கட்டிட்டா மாத்தித் தர்றோம்னு சொல்லுச்சு. அடுத்துப் பேசினவர், ஆறு மாசம் முடியணும்னார். ஷோரூம்ல சொன்னது பன்னெண்டு மாசம். ஒரே கம்பெனி, ரெண்டு நாள்ல மூணு பதில்.

காங்கயத்துல இருந்து அப்பா கூப்பிட்டார். கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டருக்குள்ள ஒரு சிம் போட்டு வெச்சிருக்கார். வீட்டுல இருந்தே போன் போட்டு மோட்டாரை ஓடவிடுவார். "எம்பட சிம்மு மாதிரி ப்ரீபெய்டா இருந்தா வேணுங்கறப்ப ரீசார்ஜ் பண்ணிட்டுப் போயிருக்கலாம். வெசனப்படாத கண்ணு"ன்னார். வெசனம் பணத்துக்கு இல்லைப்பா. கூடப் பணம் தர்றேன்னு நிக்கறவளை வாசல்லயே நிறுத்தி வெக்கறாங்களே, அதுதான் தாங்கலை.

ஜூன் 9, திங்கள்

கோபத்துல வேற கம்பெனிக்கே போயிடலாம்னு, PORT-னு டைப் பண்ணி நம்பரைப் போட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்பினேன். நம்பர் மாறாம கம்பெனி மாறற வசதி 2011 ஜனவரியில நாடு முழுக்க வந்தது. ஆனா பில் பாக்கி இருந்தாலும், ஒப்பந்தக் கடமை முடியாம இருந்தாலும், மாறறதுக்கு வேணுங்கற போர்ட் கோட் வராது. எனக்கும் வரலை, ஒப்பந்தம் இருக்குன்னு பதில் வந்துச்சு. அது நியாயம்தான். தள்ளுபடியில போனை வாங்கிட்டு ஓடிப்போனா அவங்களுக்கு நஷ்டம். ஆனா நான் ஓடணும்னு ஆரம்பிக்கலையே.

ஜூன் 11, புதன்

ராத்திரி சோறாக்கி முடிச்சு, மார்ச் மாச மெயிலைத் தேடி எடுத்தேன். ஒப்பந்தப் படிவம், எட்டுப் பக்கம், பொடி எழுத்து, பூராவும் இங்கிலீஷ். மகள் ஹாஸ்டல்ல இருந்து போன்லயே வரி வரியாப் படிச்சு அர்த்தம் சொன்னா. ஆறாம் பக்கத்துல கிடைச்சுது. 12 மாசத்துக்குள்ள இணைப்பைத் துண்டிச்சாலோ, வேற கம்பெனிக்கு மாறினாலோ, இப்ப இருக்கறதைவிடக் குறைஞ்ச வாடகைப் பிளானுக்கு இறங்கினாலோ தள்ளுபடியைத் திருப்பி வசூலிப்போம்.

இறங்கினாலோ. அவ்வளவுதான். ஏறறதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. "இன்னொருக்காப் படி சாமி"ன்னேன். படிச்சா. இல்லவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

எங்களுக்குக் கணக்கு எழுதற தம்பிகிட்டக் காட்டினேன். அவர் இன்னொண்ணு சொன்னார். ஒருத்தர் ஒரு பிளான்ல சேர்ந்தா, குறைஞ்சது ஆறு மாசத்துக்கு அந்தப் பிளான் அவருக்குக் கிடைக்கணும்னு, போன் கம்பெனிகளைக் கண்காணிக்கற அரசு அமைப்பான டிராய் விதி வெச்சிருக்கு. அது கம்பெனிக்குப் போட்ட கட்டு. அந்த ஆறு மாசத்துக்குள்ளயே வாடிக்கையாளர் வேற பிளானுக்கு மாறிக்கலாம். கேட்டா உடனேயோ அடுத்த பில் கணக்குல இருந்தோ மாத்தித் தரணும். 198-ல ரெண்டாவதா பேசினவர் சொன்ன ஆறு மாசம் எங்கிருந்து வந்துச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நமக்குப் பாதுகாப்பா வெச்சதை நமக்கே பூட்டா மாட்டியிருக்காங்க.

திரும்ப 198. இந்தத் தடவை கெஞ்சலை. புகாராப் பதிவு பண்ணுங்க, புகார் எண் குடுங்கன்னேன். எஸ்எம்எஸ்ல வந்துச்சு. இதுக்கு முன்னால ரெண்டு தடவை பேசினதுக்கு எண் எதுவும் இல்லை. வாயால கேட்டோம், வாயால அனுப்பி வெச்சாங்க.

ஜூன் 14, சனி

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." எதுவும் மாறலை.

ஜூன் 16, திங்கள்

மேல்முறையீடு அனுப்பியாச்சு. ஒவ்வொரு கம்பெனியிலும் இதுக்குன்னே ஓர் அதிகாரி இருக்கணும், கட்டணம் கிடையாது, புகார்ல திருப்தி இல்லைன்னா 30 நாளுக்குள்ள போடணும், அவங்க 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். மெயில் முகவரி கம்பெனி வலைத்தளத்தோட அடியில எங்கியோ கிடந்துச்சு. புகார் எண், ஆறாம் பக்கத்துப் படம், நாலு வரி. "நான் விலகவில்லை, இறங்கவில்லை. கூடுதல் வாடகை தரத் தயாராக இருக்கிறேன். எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்." எழுத்திலங்கற வார்த்தைக்கு மகள் அடிக்கோடு போட்டா.

ஜூன் 27, வெள்ளி

ஆர்டர் நெருக்கடி. டேட்டாவைக் கஞ்சத்தனமாப் பாத்துப் பாத்துச் செலவு பண்றோம். மகள் வீட்டுக்குப் பேசறதையே குறைச்சுக்கிட்டா. அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்குது.

ஜூலை 2, புதன்

பதில் வந்துச்சு. அடுத்த பில் கணக்குல இருந்து 150 ஜிபி பிளான். தள்ளுபடிப் பிடித்தம் இல்லை. 12 மாச ஒப்பந்தம் அப்படியே தொடரும். ஏன் மறுத்தாங்கங்கறதுக்கு மட்டும் பதில் இல்லை. "சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு ஒரு வரி. ஒப்பந்தம் தொடரட்டும், அதைத்தான நானும் சொன்னேன். மெயிலைப் பிரிண்ட் எடுத்துப் போன் பில்லு பைலுக்குள்ள வெச்சிருக்கேன். ஷோரூம் தம்பிக்கும் ஒரு காப்பி குடுக்கணும், அடுத்து வர்றவங்களுக்கு அவனாவது சொல்லட்டும்.

ஜூலை 16, புதன்

14-ந் தேதியே பிளான் மாறிருச்சு. ஆப்பைத் திறந்து மூணு தடவை பாத்துட்டேன்.

இன்னைக்குக் காலையில அதே மெர்ச்சண்டைசர், வேற ஸ்டைல், அதே மாதிரி கழுத்து ரிப். பீஸைத் திருப்பிப் போன் முன்னால பிடிச்சேன்.

"அக்கா, இடது தோள்பட்டைக்குக் கிட்டக்க ரெண்டு தையல் விட்டிருக்குதுங்க பாருங்க."

கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாத்தேன். விட்டிருந்துச்சு. பிரிச்சுத் தைக்கச் சொல்லி ஓவர்லாக்காரம்மாகிட்டக் குடுத்தேன். பதினொன்றரைக்கு ஓகே வந்துருச்சு.