கத்திரி வெயிலில் ஒரு 1650

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

கம்ப்யூட்டருக்கான கிராபிக்ஸ் கார்டு வீட்டுக்கு வந்துவிட்டது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி, ஜிடிடிஆர்5 மெமரி உள்ள முதல் வகை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில், பழைய கார்டுகள் விற்கும் கடையில் வாங்கியது. ஆர்எக்ஸ் 580 என்ற இன்னொரு கார்டும் கண்ணில் பட்டது. அது இதைவிட வேகமானதுதான். ஆனால் அது 185 வாட் கேட்கும், தனியாக 8 பின் கேபிளும் வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட நாலாம் தலைமுறை ஐ5 கம்ப்யூட்டர். அதற்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் அந்த கேபிளே கிடையாது. இந்த மாடல் 1650க்கு மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட் போதும்.

மாட்டியவுடன், கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். பழைய சந்தையில் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஏதோ ஒரு பழைய சிப் உள்ள கார்டின் பயாஸை, அதாவது அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை மாற்றி, புதுப் பெயரில் விற்பது ரொம்ப நாளாக நடக்கிறது. அப்படிப்பட்ட என்விடியா கார்டுகளை இந்த மென்பொருள் போலி என்று முகப்பிலேயே காட்டிவிடும். நம்முடையது சுத்தம்: டியூ117 சிப், 896 கோர், 128 பிட் மெமரி பாதை. தம்பிக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. பிளஸ் டூ பரீட்சை முடிந்ததிலிருந்து இதற்காகத்தான் காத்திருக்கிறான்.

ஏப்ரல் 24, வியாழன்

விடிகாலையில், எதையும் மாற்றாமல், கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் யூனிஜின் ஹெவனை அரை மணி நேரம் ஓடவிட்டேன். கார்டு 64 டிகிரியில் நின்றது, கிளாக், அதாவது சிப் ஓடும் வேகம், 1845 மெகாஹெர்ட்ஸ் சுற்றி. ஜிபியு-இசட்டில் வேகத்தைத் தடுக்கும் காரணம் என்னவென்று காட்டும் ஒரு வரி இருக்கிறது. முக்கால்வாசி நேரம் அதில் தெரிந்தது பவர்தான். சூடு அல்ல, வோல்டேஜும் அல்ல. சிப்புக்கு இன்னும் ஓடத் தெம்பு இருக்கிறது, 75 வாட்தான் கையைக் கட்டிவைக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

அதே சோதனை, மத்தியானம் இரண்டரை மணிக்கு. எங்கள் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. சுவரே அனலடிக்கிறது. கார்டு 75 டிகிரி, கிளாக் 1800க்கு இறங்கிவிட்டது. 75 என்பது ஆபத்தான சூடு ஒன்றும் இல்லை. ஆனாலும் வேகம் குறைகிறது. இந்தத் தலைமுறை கார்டுகள் சூடு ஏற ஏற 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகக் கிளாக்கைக் குறைத்துக்கொண்டே வரும். அதோடு, சிப் சூடானால் கசியும் மின்சாரமும் கூடும். அந்தக் கசிவும் அதே 75 வாட்டிலிருந்துதான் போகிறது.

யூடியூபில் ஏசி அறையில் உட்கார்ந்து சொல்லும் எண்களை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது இப்போது கண்ணெதிரே தெரிகிறது. இனி எந்த செட்டிங்கையும் மத்தியானச் சோதனையில் தேறினால்தான் வைத்துக்கொள்வேன்.

மே 1, வியாழன்

லீவு. ஓவர்கிளாக், அதாவது கார்டை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது, இன்று தொடங்கியது. அதற்கான மென்பொருளான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கோர் கிளாக்கை 120 கூட்டினேன். ஹெவனில் சராசரி ஒரே ஒரு எஃப்பிஎஸ் (விநாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) ஏறியது. மின்சார வரம்பை மாற்றும் பவர் லிமிட் ஸ்லைடர் 100 சதவீதத்துக்கு மேல் நகரவே நகராது, இந்த கார்டில் பூட்டியிருக்கிறார்கள்.

சரி, மெமரி பக்கம் போனேன். இங்கேதான் பலன் இருக்கிறது. ஆஃப்டர்பர்னரில் 4001 என்று காட்டும் மெமரி கிளாக், விநாடிக்கு 128 ஜிபி தரவு. 50 50ஆக ஏற்றினேன். 500 கூட்டினால் அது 144 ஜிபி. காலையில் 500 அழகாக ஓடியது. மத்தியானம் அதே 500இல் கல் தரையின் மேல் பச்சைப் புள்ளிகள் மின்ன ஆரம்பித்தன. தம்பிதான் முதலில் பார்த்தான்: "அக்கா, இங்க பாரு, என்னமோ மினுக்குது!" 400க்கு இறக்கினேன், புள்ளி இல்லை. 140 ஜிபிக்குச் சற்று மேல் கிடைக்கிறது. ஆனால் மெமரி வேகமாக ஓடினால் அதுவும் அந்த 75 வாட்டில் பங்கு கேட்கும். கோர் கிளாக் கொஞ்சம் சரிந்தது.

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று தொடங்குகிறது.

இன்றைக்கு வோல்டேஜைக் குறைத்தேன். ஓவர்கிளாக் செய்யக் கிளம்பிவிட்டு வோல்டேஜைக் குறைப்பதா என்று தம்பி கேட்டான். "ஆமாடா, இந்த கார்டுக்கு அதுதான் வழி" என்றேன். மின் செலவு கிளாக்குக்கு நேர் விகிதத்தில் கூடும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். அதே கிளாக்கில் 1 வோல்ட்டிலிருந்து 0.9க்கு வந்தால், கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். அந்த மிச்சத்தைக் கிளாக்காக மாற்றிக்கொள்ளலாம்.

ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல் எஃப் அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு திறக்கும். 900 மில்லிவோல்ட் புள்ளியை 1875க்கு இழுத்து, அதற்கு மேல் எல்லாவற்றையும் தட்டையாக்கினேன். ஹெவன் பாதியில் மூடிக்கொண்டது. 1860இல் ஓடியது, அப்புறம் கேம் ஆடும்போது கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் நின்றுபோனது. ஹெவன் தேறினால் போதாது, நிஜமான கேமில் சுமை விநாடிக்கு விநாடி மாறும், பலவீனம் அங்கேதான் வெளிப்படும். 1845க்கு வந்தேன். மூன்று மணி வெயிலில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது, 69 டிகிரி. ஒன்றும் மாற்றாத கார்டு விடிகாலையில் கொடுத்த கிளாக்கை இப்போது கத்திரியில் கொடுக்கிறது, மெமரி 400 கூடுதலோடு. ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். தம்பி நல்ல மார்க். கார்டைத் தொடவில்லை, வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள்.

மே 11, ஞாயிறு

தம்பி ஆடும் கேம்களில் சராசரி எஃப்பிஎஸ் பத்து சதவீதத்தை ஒட்டி ஏறியிருக்கிறது. 52 இருந்த இடத்தில் 57. நான் சராசரியைவிட அதிகம் பார்ப்பது 1 சதவீத லோ எண்ணை, அதாவது மிக மெதுவான 1 சதவீதப் படங்களின் எஃப்பிஎஸ்ஸை. திரை திக்குகிறதா இல்லையா என்பதை அதுதான் சொல்லும். கேமில் பரப்புகளின் படத் தரமான டெக்ஸ்சரை ஹையில் வைத்தால் கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பி, மிச்சம் கம்ப்யூட்டர் ரேமுக்கு வழிகிறது. அப்போது சராசரி நன்றாக இருந்தாலும் லோ எண் பாதாளத்துக்குப் போகிறது. எந்த ஓவர்கிளாக்கும் இதைச் சரிசெய்யாது. டெக்ஸ்சரை மீடியத்தில் வைத்தால் தீர்ந்தது.

900 மில்லிவோல்ட், 1845, மெமரி கூட்டல் 400. ப்ரொஃபைல் ஒன்றில் சேமித்தாயிற்று. ஃபேன் 60 டிகிரிக்கு மேல் 70 சதவீதம். கரண்ட் போய் வந்தாலும் தானாக ஏற்றிக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன். இப்போது ரேம் ஒற்றை ஸ்டிக்கில் ஓடுகிறது. ஐந்து ரோடு ரவுண்டானா பக்கம் போகும்போது இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் விசாரிக்க வேண்டும்.