கேக்குறதுக்கு லைசன்ஸ் வேணாம், பேசத்தான் வேணும்

ஹாம் லைசன்ஸ், அதாவது வீட்லருந்தே பொழுதுபோக்கா ரேடியோல மத்தவங்களோட பேசறதுக்கு அரசாங்கம் குடுக்கற லைசன்ஸ், எப்படிண்ணே எடுத்தீங்கன்னு கடைக்கு வர்ற பயலுக எல்லாம் கேக்குறாங்க, ஒவ்வொருத்தனுக்கா சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிர்றேன். எனக்கு ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளில மோட்டார் காயில் கட்டுற கடை, வீடு வேதாளை, வாசல்ல நின்னா கடல் சத்தம் கேக்கும். படிப்பு ஐடிஐ, அவ்வளவுதான். இத ஏன் சொல்றேன்னா இஞ்சினியரிங் படிச்சவன்தான் இந்தப் பக்கம் வரணும்னு ஒரு நெனப்பு இருக்கு, அப்படியெல்லாம் கிடையாது, 12 வயசு ஆயிருந்தா யாரும் பரிட்சை எழுதலாம்.

ரேடியோ கிறுக்கு எனக்கு அப்பாகிட்டருந்து வந்தது. அவரு வள்ளத்துல போறப்ப ஒரு டிரான்சிஸ்டர பாலித்தீன் கவர்ல சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துட்டுப் போவாரு. தூத்துக்குடி வானொலி 1053-ல வானிலை கேப்பாரு, மத்த நேரம் இலங்கை வானொலிதான், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத்னு அந்த அறிவிப்பாளருங்க பேரெல்லாம் எங்க வீட்ல சொந்தக்காரங்க பேரு மாதிரி. அப்பாவுக்கு இன்னொரு வித்தையும் தெரியும், பாட்டுக்கு நடுவுல படக் படக்குனு கரகரப்பு விழுந்து அது கூடிக்கிட்டே வந்துச்சுன்னா "தூரத்துல மின்னுது, வெரசா கரைய புடிக்கணும்"னு வலைய இழுத்துருவாரு. வானம் அப்ப தெளிவாத்தான் இருக்கும். இது ரொம்ப நாள் கழிச்சு எனக்கு பரிட்சைல ஒரு மார்க்கு வாங்கிக் குடுத்துச்சு, அத அப்பறம் சொல்றேன்.

நான் பத்தாப்பு படிக்கறப்ப சிற்றலைக்கு, அதான் ஷார்ட்வேவுக்கு, வந்துட்டேன். ராத்திரி ஒம்போதே காலுக்கு பிபிசி தமிழோசை, மணிலாலருந்து வேரித்தாஸ், அப்பறம் சீன வானொலி, அங்க சீனத்து ஆளுங்களே தமிழ்ப் பேரு வச்சுக்கிட்டு நம்மள விட சுத்தமா தமிழ் பேசுவாங்க. கேட்டதோட விடாம ரிசப்ஷன் ரிப்போர்ட் எழுதிப் போடணும், சிக்னல் எப்படி, இடைஞ்சல் இருக்கா, இரைச்சல் எவ்வளவுன்னு அஞ்சு விஷயத்துக்கு 1-லருந்து 5 வரைக்கும் மார்க்கு, சின்போன்னு சொல்லுவாங்க. சரியா இருந்தா, நீ கேட்டது எங்க நிலையம்தான்னு உறுதி சொல்ற க்யூஎஸ்எல் கார்டு அனுப்புவாங்க. என் மொத ரிப்போர்ட்ட ஒரு வெளிநாட்டு நிலையத்துக்கு ஆசை ஆசையா எழுதி ஸ்டாம்ப்புக்கு கடன் வாங்கி அனுப்புனேன், ரெண்டு மாசம் கழிச்சு பதில் வந்துச்சு, நீங்க சொன்ன நேரத்துல நாங்க ஒலிபரப்பே பண்ணலன்னு. நம்ம நேரத்த அப்படியே எழுதி யூடிசின்னு, அதாவது உலகப் பொது நேரம்னு போட்டுருக்கேன், அஞ்சரை மணி நேரம் கழிக்கணும்ங்கறது அன்னைக்குத்தான் தெரியும்.

அப்பறம் ஒவ்வொரு கடையா சாத்துனாங்க. 2017 ஏப்ரல் கடைசியோட தமிழோசை வானொலி முடிஞ்சது, 2018-ல வேரித்தாஸ் சிற்றலையும் போச்சு. ராத்திரி முள்ள திருப்புனா முன்ன சந்தைக்கடை மாதிரி இருந்த 31 மீட்டர், 49 மீட்டர்ல அங்கங்க ஓட்டை விழுந்த மாதிரி அமைதி. அந்தக் கடுப்புல எஸ்எஸ்பிங்கற முறைல பேசறதக் கேக்கற வசதி இருக்கற டெக்சன் ரேடியோ ஒண்ணு பழசா வாங்கி, ஹாம் ஆளுக பேசற 40 மீட்டர் பக்கம் போனேன், அதாவது 7 மெகா ஹெர்ட்ஸ். சாதா ரேடியோல அங்க பேசறது வாத்து கத்துற மாதிரிதான் கேக்கும், ஏன்னா எஸ்எஸ்பில கேரியர்ங்கற தாங்கி அலையையும், அதுக்கு ரெண்டு பக்கமும் பேச்ச சுமக்கற சைடுபேண்டுல ஒண்ணையும் எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க, நம்ம செட்டுதான் அந்தக் கேரியர உள்ளுக்குள்ள போட்டு சேத்துக்கணும். லேசா லேசா திருகுனா வாத்து மனுசனாகுது பாருங்க, அந்த நிமிசத்துல எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. யாரோ ஒருத்தர் தமிழ்ல, "உங்க சிக்னல் இன்னைக்கு நல்லா வருது சார், காப்பி குடிச்சாச்சா"ங்கறாரு. நாட்டு நடப்பு, ஆண்டெனா, சுகர் மாத்திரை எல்லாம் பேசறாங்க. ஒரு வருசம் தினம் காலைல உக்காந்து கேட்டேன், அவங்க வீட்டு விசேசம் வரைக்கும் எனக்குத் தெரியும், நான் ஒருத்தன் இருக்கேன்னு அவங்க யாருக்கும் தெரியாது. அதுதான் உறுத்துச்சு.

சரி, லைசன்ஸுக்கு வருவோம். விண்ணப்பம் எல்லாம் சரல் சஞ்சார்ங்கற டெலிகாம் துறை போர்ட்டல்ல. போட்டோ, கையெழுத்து, அடையாள அட்டை ஏத்தணும், பரிட்சை பீஸு 100 ரூவா. ஃபைல் சைஸ் பெருசு, ஃபைல் சைஸ் சிறுசுன்னு அது நம்மள ரெண்டு நாள் ஆட்டி வைக்கும், வேற ஒண்ணும் இல்ல. ரெண்டு கிரேடு இருக்கு. ஜெனரல்னா மோர்ஸ் கோடுங்கற தந்தி பாஷைல நிமிசத்துக்கு 8 வார்த்தை அனுப்பவும் வாங்கவும் தெரியணும், 400 வாட் வரைக்கும் போகலாம், கால்சைன், அதாவது ரேடியோல நம்ம அடையாளப் பேரு, விக்டர் யூனிஃபார்ம் 2-ல வரும், வி, யூங்கற எழுத்த ரேடியோல அப்படித்தான் சொல்லுவாங்க. ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் கிடையாது, 50 வாட்தான், கால்சைன் விக்டர் யூனிஃபார்ம் 3. நான் மோர்ஸுக்கு பயந்து ரெஸ்ட்ரிக்டட் போட்டேன், அதுல வெக்கமே இல்ல.

படிக்கறது ரெண்டு பாகம், ரேடியோ தியரி ஒண்ணு, சட்டதிட்டம் ஒண்ணு. தியரி எனக்கு பயமில்ல, ஓம்ஸ் விதியும் காயிலும் கண்டென்சரும் நம்ம தொழில். சட்டம்தான் தலவலி, 1978-ல போட்ட விதிகள், அத்தனையும் இங்கிலீஷ். பாட்டு போடக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, ரகசிய பாஷைல பேசக்கூடாது, கால்சைன் சொல்லணும், உலகத்த மூணு ரீஜியனா பிரிச்சதுல இந்தியா மூணாவது, இப்படி. மனசுல நிக்காதத எல்லாம் கடைச் செவுத்துல சாக்பீஸ்ல எழுதி வச்சுட்டேன், மோட்டார் எடுக்க வந்த ஒருத்தரு க்யூஆர்எம், க்யூஆர்என்னு அந்த ரேடியோ சுருக்கக் குறிய வாசிச்சுட்டு "இது எந்த கம்பெனி பம்பு தம்பி"ன்னாரு. பாஸாக ஒவ்வொரு பாகத்துலயும் 40 சதவீதம், மொத்தத்துல 50 வேணும். ஆகா ஓகோன்னு மார்க்கு தேவையில்ல, ஒரு பாகத்த மட்டும் நம்பி இன்னொண்ண விட்றாதீங்க.

பரிட்சை சென்னைல, பெருங்குடி கண்காணிப்பு நிலையத்துல. ராம்நாட்ல ரயிலேறி விடியக்காலைல தாம்பரத்துல எறங்கி, பல்லு வெளக்கி, ஒரு பொங்கல சாப்ட்டுப் போனேன். என் பக்கத்துல ஒரு ஸ்கூல் பையன், அந்தப் பக்கம் ரிட்டையர் ஆன ஒரு அய்யா, எல்லாம் டிக் அடிக்கற கேள்விதான். அதுல ஒண்ணு, இயற்கையா வர்ற இரைச்சலுக்கு எந்த க்யூ கோடுன்னு. க்யூஆர்எம்மா க்யூஆர்என்னான்னு நாலு நாளா எனக்கு மாறி மாறி வந்துக்கிட்டிருந்தது. அந்தக் கேள்வியப் பாத்ததும் அப்பா வள்ளத்துல உக்காந்து காது குடுத்துக் கேக்கற கரகரப்பு ஞாபகம் வந்துச்சு, மின்னல், மனுசன் பண்ணது இல்ல, அப்ப க்யூஆர்என். டிக் அடிச்சேன். பாஸாயிட்டேன்.

பாஸானா முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க. சர்டிபிகேட் வேற, லைசன்ஸ் வேற. லைசன்ஸுக்கு மறுபடி விண்ணப்பம், 20 வருசத்துக்கு 1000 ரூவா, ஆயுசுக்கும் வேணும்னா 2000. அப்பறம் விசாரணை. எனக்கு இதுதான் ஏழு மாசம் இழுத்துச்சு. மத்த ஊர்ல எப்படியோ, நம்ம கரையில வயர்லெஸ்ங்கற வார்த்தைக்கே சிலோன் சண்டை நடந்த 80-கள்லருந்து வேற ஒரு வெயிட்டு இருக்கு. தெருவுல ஆளுக வந்து விசாரிச்ச அன்னைக்கு சாயந்தரமே பக்கத்து வீட்டு பாய் வந்து, "தம்பி, நீ சிலோனுக்கு பேசுறியாமே, ஒண்ணும் பிரச்சன இல்லையே"ன்னு மெதுவா கேட்டாரு. அத்தை அழுதே போட்டுச்சு.

போலீஸ் ஸ்டேசனுக்கு கூப்ட்டாக. மொத கேள்வி, "எஃப்எம் ஸ்டேசன் வைக்கப் போறியா?" இல்லய்யா. "அப்ப யாருட்ட பேசுவ?" யாரு கேக்குறாங்களோ அவங்ககிட்ட. இந்தப் பதில சொல்லக்கூடாது, நான் சொல்லிட்டேன், அவுக முகம் மாறிருச்சு. அப்பறம்தான் சுதாரிச்சு, ராஜீவ் காந்தியே ஹாம்தான்யா, அவரு கால்சைன் விக்டர் யூனிஃபார்ம் 2 ரோமியோ கோல்ஃப்னு சொன்னேன். 2004 சுனாமியப்ப பாரதி பிரசாத்னு ஒரு அம்மா ஹாம் ரேடியோ போடறதுக்குன்னே அந்தமான் போயிருந்தவங்க, 26-ஆம் தேதி போர்ட்பிளேர்ல போன் எல்லாம் செத்துப் போனப்ப அந்த செட்ட வச்சே சேதி கடத்துனாங்கன்னு எடுத்துச் சொன்னேன். பெரியவரு ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "அப்ப புயல் வந்தா நீ எங்களுக்கு பேசித் தருவியா"ன்னாரு. தர்றேன்யான்னேன். டீ சொன்னாரு. நல்ல மனுசன்.

இங்க ஒண்ணு சொல்லிர்றேன், லைசன்ஸ் கைக்கு வர்றதுக்கு முன்னாடி பேசற செட்டு வாங்காதீங்க. ஆன்லைன்ல ஆயிரத்தைநூறு ரூவாக்கு வாக்கி டாக்கி கெடைக்குதுன்னு வாங்கி கடக்கரையில நின்னு அமுக்குனீங்கன்னா, இந்தப் பக்கம் நேவி, அந்தப் பக்கம் கோஸ்ட் கார்டு, நடுவுல போட்டுக்காரங்க செட்டு, எங்க போய் யாரு தலைல விழும்னு உங்களுக்கே தெரியாது. கேட்டுக்கிட்டு இருங்க, அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.

கால்சைன் வந்த அன்னைக்கு கடைல வேலையே ஓடல. செட்டுக்கு ஹைதராபாத்து ஃபர்ஹான் டிசைன் பண்ண மைக்ரோ பிட்எக்ஸ எடுத்தேன், பத்து வாட்டு சுமாருக்கு வரும், போர்டா வாங்கி நாமளே டப்பால மாட்டிக்கலாம், கைல சால்டரிங் அயர்ன் புடிச்சவனுக்கு அத விட சந்தோசமான சாமான் கெடையாது.

ஆண்டெனாதான் பெரிய கூத்து. 7.1 மெகா ஹெர்ட்ஸ்க்கு டைபோல், அதாவது நடுவுல கேபிள் மாட்டி ரெண்டு பக்கமும் வயர நீட்டிக் கட்டுறது, கணக்குப்படி 468-அ 7.1-ஆல வகுத்தா மொத்த நீளம் கிட்டத்தட்ட 66 அடி. வயரு கடைல இருக்கு, 14 கேஜ் எனாமல் காப்பர். அன்னைக்கு அப்பா கடலுக்குப் போகாம வீட்லதான் இருந்தாரு, டேப்பு எதுக்குடா, 66 அடின்னா 11 பாகம், நான் அளந்து தர்றேன்னு ரெண்டு கையையும் விரிச்சு வலைக்கயிறு அளக்கற மாதிரி அளந்து நறுக்கிக் குடுத்துட்டாரு. வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பனை, மரம் ஏறுறவர வச்சு கப்பி கட்டி, அப்பா போட்ட முடிச்சுல நைலான் கயித்துல இழுத்து ஏத்துனோம். ஆண்டெனா செட்டோட ஒத்துப் போகுதான்னு காட்டுற எஸ்டபிள்யூஆர் பாத்தா, ஒண்ணு பக்கம் இருக்க வேண்டியது மூணுக்கு மேல நிக்குது. கனெக்டர மாத்துனேன், கேபிளையும் ஆண்டெனாவையும் சேக்கற பாலுன்ங்கற காயில மாத்துனேன், ரெண்டு நாள் போச்சு. கடைசில எறக்கி டேப்பு வச்சு அளந்தா அறுபது அடி சொச்சம்தான் வருது. ஒரு பாகம் ஆறடிங்கறது பேச்சுக்கு, எங்கப்பா கை அஞ்சரை. ஆண்டெனா 7.7-ல நின்னு பாடிக்கிட்டு இருந்துருக்கு. அவருகிட்ட சொன்னேன், "உன் டேப்பு தப்பா இருக்கும்"னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

ஒட்டுப் போட்டு நீட்டி, அப்பறம் நுனில விரக்கடை விரக்கடையா நறுக்கி எஸ்டபிள்யூஆர 1.3-க்கு கொண்டு வந்தேன். ஒட்டுன எடத்துல உப்புக்காத்து பட்டா ஒரே மாசத்துல பச்ச புடிச்சுரும், அதுக்கு மோட்டாருக்கு ஊத்துற வார்னிஷையே ரெண்டு கோட்டு அடிச்சு மேல எம்சீல் போட்டு மூடிட்டேன், இன்னைக்கு வரைக்கும் கிண்ணுனு இருக்கு. இரைச்சல் ஒரு தனிக்கதை, சுருக்கமா சொன்னா எங்க வீட்டு எல்ஈடி பல்பு ரெண்டு, பாய் வீட்டு இன்வெர்ட்டர் ஒண்ணு. பல்ப மாத்திட்டேன், இன்வெர்ட்டருக்கு பாய்கிட்ட போய் நிக்க இன்னும் தைரியம் வரல, ஏற்கனவே அவருக்கு என் மேல ஒரு கண்ணு.

எல்லாம் ரெடி. மைக்க கைல எடுத்தா வாயே வரல. இருவத்தஞ்சு வருசமா கேட்டே பழகுன ஆளு, பட்டன அமுக்கிட்டு காத்த மட்டும் அனுப்பிக்கிட்டு இருந்தேன். மூணு நாளு இப்படி. காலைல பேசற அந்தக் கூட்டத்துல நடுவுல பூர்றதுக்கு எனக்கு என்னமோ ஒட்டுக்கேட்டவன் மாட்டிக்கிட்ட மாதிரி கூச்சம்.

நாலாம் நாள் சாயந்தரம், ஆடி மாசம், காத்து பனையப் புடிச்சு ஆட்டுது, 7 மெகா ஹெர்ட்ஸ்ல ஒருத்தர் தனியா சிக்யூ, அதாவது யாராச்சும் பேச வாங்கன்னு கூப்பாடு, குடுத்துக்கிட்டு இருக்காரு, யாரும் எடுக்கல. ஃபோர் சியரா செவன்னு ஆரம்பிக்குது, இலங்கை. பாவமா இருந்துச்சு, அமுக்கிட்டேன். என் கால்சைன நானே தப்பா சொல்லி திருப்பிச் சொன்னேன். மறுபக்கம் ஒரு விநாடி சத்தமில்ல, அப்பறம் இங்கிலீஷ்ல என் கால்சைனு, சிக்னல் ரிப்போர்ட்டு 55, ஊரு எதுன்னாரு. மண்டபம் பக்கம்னேன். உடனே தமிழுக்கு மாறிட்டாரு, "நான் கொழும்பில இருந்து கதைக்கிறன், நீங்கள் கிட்டத்தானே இருக்கிறீங்கள்" அப்படின்னாரு. வாஸ்தவம்தான், எங்க ஊருக்கு சென்னைய விட கொழும்பு கிட்ட. பத்து வாட்டுன்னு சொன்னேன், சிரிச்சாரு. கடல்பக்கம் எப்படின்னு கேட்டாரு, எனக்கு வேற ஒண்ணும் தோணல, இங்க கச்சான் பலமா இருக்கு, ஒருத்தரும் கடலுக்குப் போகலன்னேன்.

"என்ன பலமா இருக்கு? கச்சானோ?"

ஆமா சார், கச்சான்.

"கச்சான் எண்டா நாங்கள் இங்க கொறிக்கிறது, நிலக்கடலை. அது பலமா இருந்தா ஏன் கடலுக்குப் போகேல்ல?"

திண்ணைல உக்காந்துருந்த அப்பா இதக் கேட்டுட்டு உள்ள வந்துட்டாரு, "காத்துடா, காத்துன்னு சொல்லு அவருட்ட, மேல்காத்து"ன்னு மைக்குக்கு நேரா கத்துறாரு. நான் விளக்குறதுக்குள்ள சிக்னல் முங்கி முங்கி ஏறுது, கடைசியா "அப்பாவுக்கும் 73 சொல்லுங்கோ"ன்னு ஹாம் பாஷைல வாழ்த்து சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு, அப்பறம் இரைச்சல்தான்.

லாக்கு புக்குல மொத வரி எழுதுனேன், தேதி, யூடிசி நேரம், 7 மெகா ஹெர்ட்ஸ், அவரு கால்சைனு, 55, ஃபேடிங். இந்தத் தடவ அஞ்சரை மணி நேரம் சரியாக் கழிச்சேன். அப்பா மட்டும் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தாரு, "73-ன்னா என்னடா, ஏதும் காசு கேக்குறாரா"ன்னு.