வெள்ளம் வடிந்த பிறகு தொடங்கும் பணி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எனக் கடலை ஒட்டி வாழும் நாங்கள் வெள்ளத்தை ஓர் இரவில் வந்துபோகும் நிகழ்வாகவே அறிந்திருக்கிறோம். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டதும் அப்படித்தான். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தெருக்களெல்லாம் குளமானதும் அப்படித்தான். கம்போடியாவின் கிராமங்களில் ஏறும் வெள்ளம் வேறு வகையைச் சேர்ந்தது. அது மெல்ல ஏறி, வாரக்கணக்கில், தாழ்வான இடங்களில் மாதக்கணக்கிலும் நிற்கிறது. நின்று அழிக்கும் தண்ணீருக்குப் பின் செய்ய வேண்டிய பணியும் அதே அளவு பொறுமையைக் கேட்கிறது.

எங்கள் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த அருள்சகோதரி ஒருவர் பல ஆண்டுகளாகக் கம்போடியாவின் பட்டம்பாங் மாகாணத்துக் கிராமங்களில் பணியாற்றி வருகிறார். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் அவர் சொன்னவற்றையும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பேரிடருக்குப் பின் திருச்சபை செய்யும் உதவி எவரிடமும் விசுவாசத்தை விலையாகக் கேட்கக் கூடாது, முதல் அரிசி மூட்டையோடு முடிந்துவிடவும் கூடாது என்பதை அந்நாட்டின் பெரும்பான்மை இனமான கெமர் மக்களின் மிகச் சிறிய திருச்சபை நடைமுறையில் காட்டிக்கொண்டிருக்கிறது. நம் கடற்கரைப் பங்குகளில் உள்ளவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் அந்த நாட்டின் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்போடியாவின் நடுவே தொன்லே சாப் என்னும் பேரேரி இருக்கிறது. வறண்ட காலத்தில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பும், ஓர் ஆள் நின்றால் தலை தெரியும் ஆழமுமே உள்ள இந்த ஏரி, மழைக்காலத்தில் 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலாக விரிந்து எட்டு, ஒன்பது மீட்டர் ஆழம் கொள்கிறது. ஏரியிலிருந்து புனோம் பென் நகரை நோக்கி ஓடும் ஆறு, ஜூன் மாதவாக்கில் மேகொங் ஆறு பெருகி அழுத்தும்போது திசை திரும்பி, ஏரியை நோக்கிப் பின்னோக்கி ஓடத் தொடங்கும். அக்டோபர், நவம்பர் வாக்கில் மீண்டும் பழைய திசைக்கு வரும். இந்த ஏற்ற இறக்கம்தான் வயலுக்கு வண்டலையும் வீட்டுக்கு மீனையும் தருகிறது. ஆகவே கெமர் விவசாயி வெள்ளத்தைப் பகையாக எண்ணுவதில்லை. கால்கள் நட்டு உயரத்தில் வீடு கட்டுகிறார், வீட்டடியில் படகைக் கட்டி வைக்கிறார், ஆறு திசை திரும்பும் நவம்பர் மாதத்தில் படகுப் போட்டியோடு திருவிழாவும் கொண்டாடுகிறார்.

துன்பம் வருவது அந்தத் தண்ணீர் அளவு மீறும்போதும், காலம் தவறும்போதும், எதிர்பாராத பக்கத்திலிருந்து பாயும்போதும்தான். 2000ஆம் ஆண்டு வெள்ளத்தில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2011இலும் 2013இலும் நாட்டின் பெரும்பாலான மாகாணங்கள் நீரில் நின்றன. 2020 அக்டோபரில், கொரோனா அச்சத்தின் நடுவே, அடுத்தடுத்து வந்த புயல் மழையால் மேற்கு மாகாணங்களான பூர்சாத், பட்டம்பாங், பந்தியாய் மீன்சே ஆகியவற்றில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. அக்டோபரில்தான் மழைக்கால நெல் கதிர் வாங்கும் தறுவாயில் நிற்கும். அப்போது பயிர் பத்து நாள் மூழ்கினால் அந்த ஆண்டின் சோறு போயிற்று. ஐப்பசியில் வந்த மழை வடியாமல் வயலில் நின்றால் என்ன ஆகும் என்பதை ஆர்.எஸ். மங்கலம், திருவாடானைப் பக்கத்து உறவினர்கள் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் மக்களில் கத்தோலிக்கர் இருபதாயிரத்தைச் சற்றே தாண்டுவர்; பெரும்பான்மையினர் தேரவாத பௌத்தர். அந்தச் சிறு எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு பெரும் துயரம் இருக்கிறது. முதல் கெமர் ஆயரான ஜோசப் ச்மார் சாலாஸ் 1975 ஏப்ரல் 14 அன்று திருப்பொழிவு பெற்றார். மூன்று நாள் கழித்துப் புனோம் பென் கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்டுப் படையிடம் வீழ்ந்தது. நகர மக்கள் அனைவரும் வயல்வெளிகளுக்கு விரட்டப்பட்டனர், பேராலயம் தரைமட்டமாக்கப்பட்டது, ஆயர் சாலாஸ் 1977இல் பசியாலும் நோயாலும் மடிந்தார். நகரம் வீழ்ந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1990ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டரை) ஒட்டித்தான் அங்கே மீண்டும் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்ற முடிந்தது. பசியால் இறந்த ஓர் ஆயரை முன்னோடியாகக் கொண்ட திருச்சபை, பசித்தவர் முன் எப்படி நிற்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்நாட்டின் மூன்று திருச்சபை ஆட்சிப் பகுதிகளுள் ஒன்றான கம்போங் சாம் பகுதியை 2000ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் வழிநடத்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற அந்தோணிசாமி சூசைராஜ் அடிகளார். பெயரைக் கேட்டவுடனே எங்கள் கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேகொங் கரையில் உள்ள அந்தப் பகுதியும் வெள்ளத்தை நன்கு அறிந்த பகுதிதான்.

வெள்ளம் ஏறும்போது ஊரார் முதலில் ஓடுவது பௌத்த விகாரைக்கு. ஊரிலேயே மேடான இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவதும், குழந்தைகளைப் படுக்க வைப்பதும், பொதுவில் உலை வைப்பதும் அங்கேதான். வெள்ளக் காலத்தின் நடுவே, செப்டம்பர், அக்டோபரில், முன்னோருக்குப் படைக்கும் பதினைந்து நாள் விழாவும் வந்துவிடுவதால் விகாரையை விட்டு மக்களைப் பிரித்து நினைக்கவே முடியாது. உதவி கொண்டு செல்லும் கிறிஸ்தவர்கள் அங்கேயே போய், தலைமைத் துறவியிடம் வணங்கி அனுமதி கேட்டு, ஊர்த் தலைவர் வைத்திருக்கும் குடும்பப் பட்டியலைப் பார்த்து, அதன்படி வழங்குகிறார்கள். இதைக் கேட்டதும் எங்கள் அன்பியத்தின் மூத்த பாட்டி ஒருவர், “அப்ப அந்தச் சாமியாருக மடத்துல போயா நம்ம சிஸ்டருக சமைக்கிறாக?” என்று வியப்போடு கேட்டார். “ஆமா பாட்டி, அவுக இடம் குடுத்தாக, நாங்க அரிசி கொண்டு போனோம்” என்றார் சகோதரி. பாட்டி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் பள்ளிவாசல் ஜமாஅத்தார் ஆக்கிப் போட்ட சோற்றைத் தெருவோடு சேர்ந்து உண்டவர் அவர்.

எல்லாரும் இப்படி நடப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் கரையிலேயே ஒரு புயலுக்குப் பின், வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு, இரண்டு மணி நேரம் ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டுமே அரிசிப் பை கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஈரத் துணியோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண், பை தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்ற காட்சியை மறக்க இயலாது. அது செபம் ஆகாது. கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி ஓர் ஏழையை அவமதித்தது அது. கம்போடிய அரசு 2007இல் வீடுவீடாகச் சென்று மதம் பரப்புவதைத் தடை செய்து உத்தரவிட்டதற்குப் பின்னாலும் இத்தகைய கசப்பு இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்றுக்கொண்ட நடத்தை நெறி, உதவியை எந்த மத நிலைப்பாட்டையும் வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அன்புப் பணியை மதம் மாற்றும் கருவியாகக் கொள்ளலாகாது என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டும் 2005இல் தெளிவாக எழுதினார். யாராவது கேட்டால் தம் விசுவாசத்தைப் பற்றிச் சகோதரி பேசுவார். கேட்காதவரிடம் அரிசிப் பையோடு அதைக் கொடுப்பதில்லை.

சகோதரியின் பேச்சில் பெரும்பகுதி வெள்ளம் வடிந்த பிறகான மாதங்களைப் பற்றியதாகவே இருந்தது. செய்தியாளர்கள் போய்விட்ட பின், அரிசி மூட்டைகளும் நின்றுவிட்ட பின், ஒரு குடும்பத்தின் உண்மையான தள்ளாட்டம் தொடங்குகிறது. விதைக்கென்று வைத்திருந்த நெல்லும் பசிக்கு உண்ணப்பட்டிருக்கும் அல்லது நனைந்து முளைத்திருக்கும். நீர் வடியும் வயலின் ஈரத்தை நம்பி உடனே போடக்கூடிய, மூன்று மாதத்தில் அறுவடைக்கு வரும் குறுகிய கால நெல் விதை அந்த நேரத்தில் கிடைத்தால், அந்தக் குடும்பம் அந்த ஆண்டைக் கடந்துவிடும். மூன்று வாரம் தாமதித்துக் கிடைத்தால் ஈரம் போயிருக்கும், விதையும் உணவாகத்தான் போகும். நிவாரணத்தில் நாள் தவறுவது எத்தகைய இழப்பு என்பதை இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை.

அடுத்தது கடன். கம்போடியக் கிராமங்களில் சிறுகடன் நிறுவனங்கள் ஆழமாக வேரூன்றியிருக்கின்றன. நிலப் பட்டாவை அடகாக வைத்துத்தான் பெரும்பாலும் கடன் தருகிறார்கள். விளைச்சல் மூழ்கினாலும் தவணை மூழ்குவதில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொன்றை வாங்கி, கடைசியில் நிலத்தை விற்று, பிள்ளைகளைத் தாய்லாந்துக்கோ புனோம் பென் ஆடை ஆலைகளுக்கோ அனுப்பும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய வீடுகளில் உட்கார்ந்து கணக்கைக் கேட்டு, தவணையைத் தள்ளிப் போடக் கிளை அலுவலகத்துக்கு உடன் நடந்து, ஊர்ப் பெண்களைச் சிறுசேமிப்புக் குழுவாகச் சேர்ப்பதும் மறைப்பணிதான் என்று சகோதரி சொன்னபோது, எங்கள் மீனவப் பெண்கள் பலர் தலையசைத்தனர். வலைக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடன் புயல் மாதத்தில் எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்பது அவர்கள் அறியாததன்று.

குடிநீரைப் பற்றியும் நிறையக் கேட்டோம். வெள்ளம் மூடிய கிணறுகளில் கழிவும் செத்த கால்நடையும் கலந்துவிடுவதால் வயிற்றுப்போக்குப் பரவும். மேகொங் ஆற்றை ஒட்டிய சில மாகாணங்களிலோ, நிலத்தடி நீரிலேயே இயற்கையான ஆர்செனிக் நஞ்சு கலந்திருக்கிறது. களிமண்ணோடு அரைத்த உமியைச் சேர்த்துச் சட்டியாக வனைந்து சூளையில் சுட்டால், உமி எரிந்து நுண்துளைகள் உண்டாகும். அதன்மேல் வெள்ளிக் கரைசலைப் பூசினால் கிருமிகளைத் தடுக்கும் வடிகட்டி ஆகிறது. மின்சாரம் தேவையில்லை, உள்ளூரிலேயே செய்யலாம். இதைக் கம்போடியாவில் பரப்பியவர்களுள் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பினரும் உண்டு. ஆனால் இந்தச் சட்டி கிருமியைத் தடுக்குமே ஒழிய ஆர்செனிக்கை நீக்காது. ஆகவே அத்தகைய ஊர்களில் வீட்டு வாசலில் பெரிய சாடிகளை வைத்து மழைநீரைச் சேர்ப்பதே நல்ல வழி. உப்புக் கிணறுகளுக்கு நடுவே ஊருணியைக் காத்து வாழ்ந்த இராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. நாம் மறந்துகொண்டிருப்பதும் இதைத்தான்.

பட்டம்பாங் போன்ற மாகாணங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. போர்க்காலத்தில் புதைத்த கண்ணிவெடிகளை வெள்ளம் இடம்பெயர்த்துக் கொண்டுவந்துவிடும். ஆபத்தில்லை என்று உழுத வயலே மறுபடி அச்சத்துக்குரியதாகும். ஏற்கெனவே கால் இழந்தவர்கள் அங்கே ஏராளம். அப்பகுதியின் திருச்சபைத் தலைவரும் இயேசு சபைத் துறவியுமான என்ரிக்கே பிகரேடோ, தாய்லாந்து எல்லை அகதி முகாம்களில் பணி தொடங்கியவர். மண்சாலைக்கேற்ற மூன்று சக்கர மர நாற்காலிகளை மாற்றுத்திறனாளிகளே செய்து வழங்கும் பணியோடு அவர் பெயர் இணைந்திருக்கிறது. வெள்ளத்தின்போது முதலில் தேடிச் செல்ல வேண்டிய வீடுகள் எவை என்பது இத்தகைய பணியாளர்களுக்கு முன்பே தெரியும். ஆண்டு முழுவதும் அங்கே இருப்பதன் பயன் அது.

உதவ விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய துணி அனுப்பாதீர்கள். ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் நம் கரையில் மூட்டை மூட்டையாக வந்து, யாரும் தொடாமல் மழையில் ஊறிக் கிடந்த துணிகளை நாம் பார்த்தோம். அதே நாட்களில் ஒரு நாட்டுப்படகுக்காரருக்கு வேண்டியிருந்தது எஞ்சின் பழுதுக்கான பணமும், நனைந்துபோன ரேஷன் கார்டுக்கு ஒரு நகலும்தான். என்ன வேண்டும் என்பதை அங்குள்ளவர்கள் சொல்ல வேண்டும். தருகிறவர் கேட்டு நடக்க வேண்டும்.

அக்டோபரில் வரும் மறைபரப்பு ஞாயிறு காணிக்கை உலகம் முழுவதிலும் உள்ள மறைபரப்புத் தளங்களுக்குப் போகிறது, கம்போடியாவும் அவற்றுள் ஒன்று. அதைக் குறைக்காமல், சகோதரியின் ஊர்களுக்கு விதைநெல்லுக்கும் வடிகட்டிகளுக்கும் மட்டும் தனியாக ஒரு தொகை சேர்ப்பது பற்றி எங்கள் பங்குப் பேரவையில் பேசியிருக்கிறோம். பணத்தைச் சட்டப்படி அனுப்பும் வழியை அவரது துறவற சபையின் தலைமை இல்லத்தில் கேட்டு வருகிறோம். அங்கே விதை நவம்பரில் மண்ணில் விழ வேண்டும் என்பதால், அன்பியப் பொறுப்பாளர்கள் தங்கள் பகுதித் தொகையைச் செப்டம்பர் இறுதிக்குள் பங்கு அலுவலகத்தில் ஒப்படைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.