உப்புவெளியில் இரண்டு வால்நட் கன்றுகள்

போன கார்த்திகையில் ஓட்டோடு வால்நட் அரைக் கிலோ வாங்கினேன். மருந்துக்கடைக்காரர் அக்ரோட்டு என்பாரே, அதுதான். பையில் கலிபோர்னியா என்று இருந்தது, இன்ன வகை என்று இல்லை. தின்னத்தான் வாங்கினது. உடைக்கும்போது, இது முளைக்குமோ என்று ஒரு விசர் யோசனை வந்துவிட்டது.

24 கொட்டையை இரண்டு நாள் தண்ணீரில் போட்டதில் 5 மிதந்தது, எறிந்துவிட்டேன். மற்றதை ஈர மணலோடு பையில் கட்டி ஃபிரிஜ்ஜின் மரக்கறித் தட்டில் வைத்தேன். ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது என்று நம்பினால்தான் வால்நட் விதை நன்றாக முளைக்கும். திருகோணமலையில் குளிருக்கு எங்கே போவது? வீட்டுக்காரிக்குத்தான் கோபம். “கத்தரிக்காய் வைக்க இடமில்லை, மண்ணுக்கு இடமிருக்கு!”

மாசியில் பிரித்தால் எட்டில் பூஞ்சணம். நாலு முளைத்திருந்தது. முதலில் வேர்தான் வந்தது, தண்டு பிறகு. ஆணிவேர் சாடிக்குள் அடங்காது என்று ஆழமான பெயின்ற் வாளிகளில் துளை போட்டு நட்டேன். இரண்டை எலி கிண்டித் தின்றுவிட்டது. பருப்பு மண்ணுக்குள்ளேயே கிடக்கும் வகை என்பதால் அதற்கு வாசி.

பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, “கடற்கரை வாதுமைதானே மோனே?” என்றா. இல்லை ஆச்சி, இதன் சொந்த ஊர் ஆசியாவின் மலைநாடு. கிர்கிஸ்தானில் இன்னமும் காடாகவே நிற்கிறது. தென்மேற்குச் சீனத்தில் இதன் உறவுமரம் ஒன்றுக்கு ஓடு இரும்புபோல் தடிப்பு. நான் கையால் நெரித்தே உடைக்கிற ஓடு, மெல்லிய ஓட்டு மரமாகப் பார்த்துப் பார்த்து மனிதர் பெருக்கியதால் வந்தது.

ஆனால் என் கன்றுகள் தாய்மாதிரி காய்க்கும் என்றில்லை. கலிபோர்னியாவில் கூடுதலாக உள்ள சாண்ட்லர், 1979இல் வெளிவந்த வகை. அது எல்லாமே ஒட்டு. கறுத்தக்கொழும்பான் மாமரம் வேண்டுமென்றால் நாங்கள் ஒட்டுக்கன்று தேடுகிற மாதிரித்தான். விதையில் வந்தது வேறு பிள்ளை. தகப்பன் யாரென்று காற்றுக்குத்தான் தெரியும், ஏனென்றால் மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்று.

எனக்குப் பிடித்த விசயம் இதுதான். ஒரே மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் இருந்தும், சில மரத்தில் ஆண் முந்தும், சில மரத்தில் பெண் முந்தும். தன் மகரந்தமே தன் பூவில் விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. சாண்ட்லர் ஆண் முந்துகிற சாதி. இதைத் தீர்மானிப்பது மரபணுத்தொகுதியில் ஒரே ஒரு இடம். பெண் முந்தும் குணம் ஓங்கியது, தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும். இரண்டு சாதியும் சேர்ந்தால் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி, ஆண்பிள்ளை பெண்பிள்ளை பிறக்கிற கணக்கு மாதிரி. அந்த இடத்தில் உள்ள வேறுபாடு 4 கோடி ஆண்டு அளவுக்குப் பழையது என்று டேவிசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் எழுதியிருக்கிறார்கள். கிர்கிஸ்தான் காட்டுக்கும் கலிபோர்னியாத் தோட்டத்துக்கும் முந்தின வழக்கு!

என் வாளியில் நிற்பது எந்தச் சாதி என்று பூத்தால்தான் தெரியும். பூக்காது. வருசாவருசம் நூற்றுக்கணக்கான மணிநேரக் குளிர் வேணும், மரத்தை ஃபிரிஜ்ஜுக்குள் வைக்கேலாது. இலையைக் கசக்கினால் தேசிக்காய்த் தோல்போல ஒரு மணம் வருகிறது, இப்போதைக்கு அது போதும்.

வைகாசி, கச்சான் காற்று தொடங்கிவிட்டது. நேற்று அடி இலைகளின் ஓரம் கருகியிருந்தது. வாளி இரண்டையும் கிணற்றடி நிழலுக்கு நகர்த்தியிருக்கிறேன்.